ஜூபிட்டர் நோட்புக் 7: நம் சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடி டேட்டா படிக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் பாதி. மீதிப் பேரில் ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை ஊழியர் ஒருவர், அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் ஆசிரியை ஒருவர், களக்காட்டு வாழைத்தார் வியாபாரி ஒருவர். மழை அளவு, அணை நீர்மட்டம், தார் விலை, இவைதான் எங்கள் பாடப்புத்தகம். படிப்பது ஜூபிட்டர் நோட்புக்கில், அதாவது பைதான் வரிகளை பிரவுசரில் எழுதி விடையை அங்கேயே பார்க்கும் மென்பொருளில். போன மாதம் அறையிலிருந்த கணினிகளில் ஜூபிட்டர் நோட்புக் 6ஐ எடுத்துவிட்டு 7ஐப் போட்டோம். கூடவே அட்டவணைகளைக் கையாளும் பைதான் தொகுப்பான பாண்டாஸும் 2க்கு ஏறியது. அன்றிலிருந்து போன் ஓயவில்லை. ஒரே பதிலை எத்தனை பேருக்குச் சொல்வது? எழுதி வைத்துவிட்டேன்.

பழசு நல்லாத்தானே இருந்துச்சு, அண்ணாச்சி? எதுக்கு மாத்தினீங்க?

உங்களுக்குத்தான் இது திடீர். நோட்புக் 7 வெளிவந்தது 2023 ஜூலையில், நாம்தான் மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறோம். அதுவரை ஜூபிட்டர்காரர்கள் இரண்டு அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் பயன்படுத்திய பழைய நோட்புக் ஒன்று, ஜூபிட்டர்லேப் இன்னொன்று. புது வசதி எது வந்தாலும் லேபுக்குத்தான் முதலில் போகும், பழசுக்கு வராது. 7இல் அந்தப் பழைய அடுப்பை அணைத்துவிட்டு, லேபின் பாகங்களை வைத்தே நோட்புக்கைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு நோட்புக், மேலே மெனு, கீழே செல்கள் (வரிகளை எழுதி ஓட்டும் பெட்டிகள்) என்ற முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. நெல்லையப்பர் தேருக்கு வடம் மாற்றின மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய கோப்புகள் எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. நோட்புக் கோப்பு என்பது ஜேசன் வடிவில் எழுதப்பட்ட வெறும் எழுத்துக் கோப்புதான். புதியதிலும் திறக்கும். கோப்பின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருள் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். புது வடிவத்தில் ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் அடையாள எண் சேர்கிறது. அதனால் நீங்கள் ஒரு வரிகூட மாற்றாமல் சேமித்தாலும், கோப்பு மாறியிருப்பதாக ஒருமுறை காட்டும். பயப்பட வேண்டாம்.

‘செல்’ மெனுவைக் காணோமே?

அதன் பெயர் இப்போது ‘ரன்’. எல்லாச் செல்லையும் ஓட்டுவதும் அங்கேதான் இருக்கிறது. கெர்னலை (பின்னால் இருந்து பைதானை ஓட்டும் பகுதி) மறுதொடக்கம் செய்து மேலிருந்து ஓட்டுவது பழையபடி ‘கெர்னல்’ மெனுவில். ஷிப்ட் என்டர் அதே ஷிப்ட் என்டர்.

நான் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கும் வரைபடம் வரவே மாட்டேன் என்கிறது.

உங்கள் முதல் செல்லைப் பாருங்கள். சதவீதக் குறி போட்டு ‘மேட்பிளாட்லிப் நோட்புக்’ என்று ஒரு வரி இருக்கும். மேட்பிளாட்லிப் என்பது வரைபடம் வரையும் தொகுப்பு. அந்த வரி பழைய நோட்புக்கின் உள்ளே கைவிட்டு வேலை செய்த வரி, அந்த உள்ளே இப்போது இல்லை. வெறும் படம் போதும் என்றால் கடைசிச் சொல்லை ‘இன்லைன்’ என்று மாற்றுங்கள். நகர்த்திப் பார்க்க வேண்டும் என்றால் ‘ஐபிஒய்எம்பிஎல்’ என்ற தொகுப்பை நிறுவிவிட்டு ‘விட்ஜெட்’ என்று மாற்றுங்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய ஜாவாஸ்கிரிப்ட் செல் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பழைய நோட்புக்கின் உள்பொருளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வரிகள் இனி ஓடாது.

எக்ஸ்டென்ஷன்கள்?

பழைய என்பிஎக்ஸ்டென்ஷன்கள், அதாவது பழைய நோட்புக்குக்குக் கூடுதல் வசதி சேர்த்த துணை நிரல்கள், ஒன்றும் 7இல் ஓடாது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், மாற்றத்தில் உண்மையான இழப்பு என்றால் இதுதான். ஆனால் நம் ஆட்கள் தினமும் பயன்படுத்தியது உள்ளடக்கப் பட்டியலும் தலைப்பைச் சுருக்கும் வசதியும்தான். இரண்டும் இப்போது உள்ளேயே இருக்கின்றன, எதையும் நிறுவ வேண்டாம். வேறு எதையாவது நம்பியிருந்தீர்கள் என்றால் அதே வேலைக்கு ஜூபிட்டர்லேப் எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா என்று தேடுங்கள். லேபுக்கு எழுதியவை பல இதிலும் ஓடும்.

புதிதாக வந்ததில் முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

டீபக்கரை, அதாவது புரோகிராமை வரி வரியாக நிறுத்திப் பிழை தேடும் கருவியை. இருண்ட தீம் வந்திருக்கிறது, போனில் திறந்தால் கச்சிதமாகக் காட்டுகிறது, எல்லாம் சரி. டீபக்கர்தான் என்னை உட்கார வைத்துப் பார்க்கச் செய்தது.

நடந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 17ஆம் தேதி பிடித்த மழை, 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். அந்த மாதத் தரவை எடுத்துக்கொண்டு ஒரு மாணவி நிலையவாரியாக அதிகபட்ச மழையைக் கணக்கிட்டார். பட்டியலில் காயல்பட்டினத்துக்கு வந்த எண் சின்னதாக இருந்தது. வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்கள் என்பதால் எல்லோரும் சிரித்துவிட்டோம். வேறு ஊர்த் தரவாக இருந்திருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்பி வீட்டுக்குப் போயிருப்போம்.

பழைய வழக்கப்படி என்றால் பத்து இடத்தில் பிரிண்ட் போட்டுத் தேட வேண்டும். இம்முறை மேலே வலது பக்கம் இருக்கும் பூச்சிப் படத்தை அழுத்தினோம். சுத்தம் செய்யும் ஃபங்ஷனில் சந்தேகமான வரி எண்ணுக்குப் பக்கத்தில் சொடுக்கினால் சிவப்புப் புள்ளி விழும். செல்லை ஓட்டினால் அந்த வரியில் வந்து நிற்கும். வலப்பக்கம் அந்த நேரத்தில் ஒவ்வொரு வேரியபிளிலும் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) என்ன இருக்கிறது என்று காட்டும். ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு வந்தோம். மூன்றாவது வரி வரைக்கும் 946 மில்லிமீட்டர் இருந்தது, நான்காவது வரியில் இல்லை. சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கு மேல் போனால் தவறான பதிவு, நீக்கு என்று எங்கேயோ படித்த வரியை அந்தப் பெண் எழுதி வைத்திருந்தார். வெள்ளத்தையே பிழை என்று நினைத்துத் துடைத்துவிட்டது புரோகிராம்.

டீபக்கர் பட்டன் மங்கலாக இருந்தால் உங்கள் கெர்னல் பழசு. ஐபைகெர்னல் 6 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

பாண்டாஸை மாற்றிய பிறகு தேதியில் பிழை வருகிறது. நேற்று வரை ஓடியதே?

ஓடியது, தப்பாக ஓடியது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நாம் தேதி எழுதுவது நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில். பாண்டாஸ் அமெரிக்கப் பழக்கத்தில் மாதத்தை முதலில் எதிர்பார்க்கும். உங்கள் தாளில் டிசம்பர் மாதத்து 31 வரிகள் 01-12-2023 என்று தொடங்குகின்றன என்று வையுங்கள். பழைய பாண்டாஸ் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகித்தது. 01-12 அதற்கு ஜனவரி 12. 02-12 பிப்ரவரி 12. 05-12 மே 12. இப்படியே 12 வரைக்கும் போகும். 13-12 வந்ததும் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே என்று சத்தமில்லாமல் புரட்டிப் போட்டு டிசம்பர் 13 என்று எடுத்துக்கொள்ளும். ஓர் எச்சரிக்கை மட்டும் வரும், அந்த ரோஸ் நிறப் பெட்டியை யார் படிக்கிறோம்? கடைசியில் டிசம்பர் முதல் தேதியிலிருந்து 11 வரை பெய்த மழை ஜனவரி முதல் நவம்பர் வரை மாதத்துக்கு ஒருநாள் என்று பங்கு பிரிந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் கார்த்திகை மழை!

2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0 இதை மாற்றியது. முதல் வரியைப் பார்த்து ஒரு வடிவத்தை முடிவு செய்யும், அதையே எல்லா வரிக்கும் பிடித்துக்கொள்ளும். அதனால் 13-12 வந்ததும் பொருந்தவில்லை என்று நின்றுவிடுகிறது. நீங்கள் பார்க்கும் பிழை அதுதான். திட்டாதீர்கள், அது உங்களுக்குச் செய்யும் உதவி.

வழி எளிது. தேதியாக மாற்றும் இடத்தில் ‘ஃபார்மேட்’ என்பதில் நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு என்ற வரிசையை நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘டேஃபர்ஸ்ட்’ என்பதை உண்மை என்று கொடுத்தாலும் ஓடும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், அதில் ஊகத்துக்கே இடமில்லை.

இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. தாளில் மாதத்தின் முதல் 12 நாள் மட்டும் இருந்தால் புதுப் பாண்டாஸும் பிழை காட்டாது, தப்பாகவே படித்துவிட்டுப் போகும். அப்புறம், சிஎஸ்வியை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) படிக்கும்போதே தேதியாக்கச் சொல்லியிருந்தால் பிழையில் நிற்காமல் அந்தத் தேதிப் பத்தியை (நெடுவரிசையை) வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். படித்ததும் பத்தியின் வகையைப் பாருங்கள், மாதவாரியாக வரிகளை எண்ணுங்கள். டிசம்பருக்கு 31 வந்ததா? சரி, மேலே போகலாம்.

பழைய பாண்டாஸில் செய்து கொடுத்த அறிக்கைகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நான் பார்த்தேன். இரண்டில் தப்பு இருந்தது. ஒன்று நானே எழுதியது.

அப்பெண்ட் இல்லை என்கிறதே?

அட்டவணையின் அடியில் வரி சேர்க்கும் கட்டளை அது. பாண்டாஸ் 2.0இல் டேட்டாஃப்ரேமிலிருந்து, அதாவது பாண்டாஸ் அட்டவணையிலிருந்து, அதை எடுத்துவிட்டார்கள். சேர்க்க வேண்டியதையெல்லாம் ஒரு லிஸ்ட்டில் போட்டுக் கடைசியில் ஒரே தடவை ‘கான்கேட்’ செய்யுங்கள். வேகமும் கூடும். சுற்றுக்கு ஒரு வரி அப்பெண்ட் செய்தபோது ஒவ்வொரு தடவையும் முழு அட்டவணையும் நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

கொடுமுடியாறு அணை இரண்டு தடவை வருகிறது. எழுத்துப் பிழையும் இல்லை!

பத்து நிமிடம் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தோம். நோட்புக் மேலும் தப்பில்லை, தட்டச்சு செய்தவர் மேலும் தப்பில்லை. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பாண்டாஸுக்கு இரண்டும் வேறு வேறு. வேறு வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களில் இது நடக்கும். பாண்டாஸில் எழுத்துப் பத்திக்கு ‘நார்மலைஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் என்எஃப்சி என்று கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தமிழ்ப் பெயர் உள்ள எந்தத் தாளைப் படித்தாலும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தையும் அப்போதே வெட்டிவிடுங்கள்.

அம்பை என்று ஒருவரும் அம்பாசமுத்திரம் என்று ஒருவரும் எழுதியிருந்தால் அதற்கு யூனிகோடு என்ன செய்யும்? அதை நாம்தான் கையால் சேர்க்க வேண்டும்.

வரைபடத்தில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது.

மேட்பிளாட்லிப் இயல்பாக எடுக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லை, அதனால் கட்டம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் காட்டிக் கொடுத்தால் எழுத்து வரும், ஆனால் நம் அறையில் இருக்கும் பதிப்பில் கொம்பு இடம் மாறிவிடுகிறது. ‘சேர்வலாறு’ என்று கொடுத்தால் சகரம் முதலில், கொம்பு அதற்குப் பின்னால். பார்க்கவே பாவமாக இருக்கும். எழுத்துகளைக் கோத்து அடுக்கும் வேலையை அது செய்வதில்லை.

பிளாட்லி அல்லது ஆல்டேர் பயன்படுத்துங்கள். அவை படத்தை பிரவுசரிலேயே வரைகின்றன. பிரவுசருக்குத் தமிழ் தெரியும்.

அணைகளை ஒரே படத்தில் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அடியை அப்படியே வரைந்தால் 110 அடியில் நிரம்பப் போகும் மணிமுத்தாறு, அதே 110 அடியில் இன்னும் இடமிருக்கும் சேர்வலாறோடு சமமாகத் தெரியும். சதவீதமாக்கி வரையுங்கள். அதுவும் உயரத்தின் சதவீதம்தான், தண்ணீரின் சதவீதம் இல்லை. அணை கீழே குறுகி மேலே விரியும், பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. எங்கள் பொதுப்பணித்துறைப் பெரியவர் இதை வாரம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார். அச்சின் பெயரில் ‘உயரம்’ என்று எழுதாவிட்டால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். பைதான் 3 வந்த காலத்திலிருந்தே முடியும். மழை சமம் 12 என்று எழுதி ஓட்டிப் பாருங்கள், ஆசிரியையின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று முழுக்கக் கொண்டாட்டம். வேலைக்கான நோட்புக்கில் நான் வைப்பதில்லை. ஒவ்வொரு வரியிலும் விசைப்பலகையை மாற்ற வேண்டியிருக்கிறது.

ஒரே நோட்புக்கை இரண்டு பேர் சேர்ந்து எழுத முடியும் என்றார்களே?

முடியும், தானாக வராது. ஜூபிட்டர் கொலாபரேஷன் என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். இரண்டு பேரும் ஒரே சர்வருக்குள் வந்தாக வேண்டும். அறையில் ஒரே வைஃபையில் உட்கார்ந்து செய்தோம், அழகாக வேலை செய்தது. அடுத்தவர் கர்சர் நகர்வது தெரியும். நீங்கள் தென்காசியிலும் நண்பர் திசையன்விளையிலும் அவரவர் லேப்டாப்பில் இருந்துகொண்டு செய்ய வேண்டும் என்றால், இடையில் யாராவது ஒரு சர்வரைப் பாதுகாப்பாக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது தனி வேலை.

இன்னொன்று. எழுத்து மட்டுமில்லை, கெர்னலும் பொது. அவர் ‘மழை’யை மாற்றினால் உங்கள் ‘மழை’யும் மாறிவிடும்.

என்னுடையது 4 ஜிபி லேப்டாப். தாங்குமா, அண்ணே?

தாங்கும். நீள நோட்புக்குகளில் திரைக்குள் தெரியும் செல்களை மட்டும் வரையும் வசதி வந்திருக்கிறது, அதனால் உருட்டும்போது பழைய திணறல் இல்லை. அமைப்புகளில் ‘விண்டோயிங் மோட்’ என்று தேடினால் இருக்கும். உருட்டும்போது பக்கம் குதிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஆனால் உங்கள் லேப்டாப்பைத் தின்பது அது இல்லை. பிரவுசரில் டேபை மூடினால் நோட்புக் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். கெர்னல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், படித்த அட்டவணையெல்லாம் நினைவகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ‘ஃபைல்’ மெனுவில் மூடி நிறுத்தும் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முகப்புப் பக்கத்தில் ‘ரன்னிங்’ என்ற தாவலைத் திறந்து பாருங்கள், நேற்று மூடியதாக நினைத்தவை எத்தனை அங்கே இருக்கின்றன என்று தெரியும். என் கணினியில் ஏழு இருந்தன.

கரண்ட் போனால்?

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கிறது. எழுதியது இருக்கும். கெர்னலில் இருந்த வேரியபிள்கள் போய்விடும், திரும்ப ஓட்ட வேண்டியதுதான். ஓட்ட அரைமணி நேரம் பிடிக்கும் இடம் இருந்தால் அதன் விடையை மட்டும் ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். என்ன செய்ய?

ஜூபிட்டர்லைட். பிரவுசருக்குள்ளேயே பைதான் ஓடுகிறது, சர்வர் வேண்டாம், அனுமதி வேண்டாம். பாண்டாஸும் உண்டு. முதல் தடவை திறக்க நேரமாகும், பொறுமை வேண்டும். கோப்புகள் அந்த பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும். ஆய்வகப் பொறுப்பாளர் பிரவுசரைச் சுத்தம் செய்தால் எல்லாம் போகும். எழும்புவதற்கு முன்னால் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஏஐ உள்ளேயே இருக்கிறதா?

நோட்புக்கோடு சேர்ந்து வருவதில்லை. ஜூபிட்டர் ஏஐ என்று தனி எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, அதில் எந்த மாடலை இணைப்பது என்பது உங்கள் தேர்வு. வெளியே இருக்கும் சேவையை இணைத்தால் நீங்கள் அனுப்புவது வெளியே போகும். மழைக் கணக்குக்குப் பரவாயில்லை. வியாபாரி அண்ணாச்சி தன் கடன் பேரேட்டை அதில் ஒட்டப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினோம்.

செல்லைக் கலைத்து ஓட்டினால் விடை மாறுகிறதே, அது சரியாகிவிட்டதா?

இல்லை. ஐபைதான் நோட்புக் 2011இல் வந்த நாளிலிருந்து இது கூடவே இருக்கிறது. ஏழாவது செல்லை ஓட்டிவிட்டு மூன்றாவதைத் திருத்தினால் ஏழாவதின் விடை பழைய மூன்றாவதை வைத்தே நிற்கும். நீக்கிவிட்ட செல்லில் பிறந்த வேரியபிளும் கெர்னலுக்குள் உயிரோடு இருக்கும். செல்லுக்கு இடப்பக்கம் இருக்கும் எண்கள் மேலிருந்து கீழே 1, 2, 3 என்று வரிசையாக இல்லாத நோட்புக்கை எனக்கு அனுப்பினால் திறந்த உடனே மூடிவிடுவேன். கெர்னலை மறுதொடக்கம் செய்து முழுதும் ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.

பழைய முகத்தையும் வைத்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு. என்பிகிளாசிக் என்ற தொகுப்பை நிறுவினால் 7க்குப் பக்கத்திலேயே 6இன் முகமும் இருக்கும், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. நம் அறையில் ஜன்னலோரம் இருக்கும் கணினியில் மட்டும் போட்டு வைத்திருக்கிறோம். பெரியவர் அதில்தான் உட்காருவார், வேறு யாராவது முந்திக்கொண்டால் எழும்பும் வரை பக்கத்தில் நிற்பார்.